கேமரன் மலையில் கையடக்க ஜிபிஎஸ்: முதல் முறை நடப்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

1885-இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர், குலோப் ரியாவ் என்ற உள்ளூர் வழிகாட்டியின் துணையோடு பகாங் மலைகளில் ஏறினார். மலைகளுக்கு நடுவே விரிந்து கிடந்த ஒரு பீடபூமியைக் கண்டதாக அறிவித்தார். ஆனால் அது எங்கே இருக்கிறது என்பதை வரைபடத்தில் சரியாகக் குறித்து வைக்கவில்லை. அங்கே மலைவாசத்தலம் அமைக்கலாமா என்று ஜார்ஜ் மேக்ஸ்வெல் நேரில் போய்ப் பார்த்தது 1925-இல். கண்டுபிடித்தவரின் பெயர் நிலைத்தது. இடத்தின் குறிப்பு நிலைக்கவில்லை.

இன்று தானா ராத்தாவுக்குத் தார்ச்சாலை போகிறது. விடுமுறை நாட்களில் பிரிஞ்சாங் சாலையில் கார்கள் அசையாமல் நிற்கின்றன. ஆனாலும் சாலையை விட்டுப் பத்து நிமிடம் காட்டுக்குள் நடந்துவிட்டால், கேமரனுக்கு இருந்த அதே சிக்கல் நமக்கும் வந்துவிடும். பனிமூட்டம் இறங்கிய தேயிலைச் சரிவில் எல்லா நிரையும் ஒரே மாதிரி. பாசி படர்ந்த மலைக்காட்டில் எல்லா மரமும் ஒரே மாதிரி.

கையடக்க ஜிபிஎஸ் கருவியை இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பொருளாக விற்கிறார்கள். நான் எங்கே இருக்கிறேன்? வானிலை எப்படி மாறும்? முதல் கேள்விக்குக் கேமரன் மலையில் அதைப் பெரும்பாலும் நம்பலாம். இரண்டாவது கேள்விக்கு நம்புவதற்கு முன் ஐந்தாம் படியை ஒருமுறை படித்துவிடுங்கள்.

## தொடங்கும் முன்: கைபேசி போதாதா?

பலருக்குப் போதும். கைபேசியில் உள்ள ஜிபிஎஸ், இணையமோ சிக்னலோ இல்லாமலும் வேலை செய்யும். வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்திருந்தால் போதும். குறுகிய பாதைகளில் அரை நாள் நடப்பவர் தனிக் கருவி வாங்க வேண்டியதில்லை.

தனிக் கருவியின் பலம் மூன்று இடங்களில் தெரியும். முதலாவது மழை. தொடுதிரையில் நீர்த்துளி விழுந்தால் கைபேசி தானாகவே எதையாவது அழுத்திக்கொள்ளும். பொத்தான் வைத்த கருவிக்கு அந்தத் தொல்லை கிடையாது. இரண்டாவது மின்சாரம். கார்மின் இட்ரெக்ஸ் 22எக்ஸ், 32எக்ஸ் போன்றவை இரண்டு ஏஏ பேட்டரியில் ஏறக்குறைய 25 மணி நேரம் ஓடும். தீர்ந்தால் பிரிஞ்சாங் மளிகைக் கடையிலேயே வேறு வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். மூன்றாவது, உதவிக்கு அழைக்க வேண்டிய கைபேசியின் பேட்டரி வழி பார்ப்பதிலேயே தீர்ந்துபோகாது. இதுதான் மூன்றிலும் பெரிய காரணம்.

## படி 1: தேவைக்கு ஏற்ற கருவியைத் தேர்ந்தெடுங்கள்

கடையில் மாடல்கள் நிறைய இருந்தாலும் வகைகள் மூன்றுதான்.

அடிப்படை வகை. இருக்கும் இடம், வந்த வழி, வரைபடம் ஆகிய மூன்றையும் காட்டும். இட்ரெக்ஸ் 22எக்ஸ் இந்த வகை. காற்றழுத்த உணரி இதில் இல்லை. நின்ற இடத்தில் திசை காட்டவும் தெரியாது. நாலடி நடந்தால்தான் எந்தப் பக்கம் போகிறோம் என்று அதற்கே புரியும்.

உணரிகள் உள்ள வகை. மின்னணுத் திசைகாட்டியும் காற்றழுத்த உயரமானியும் சேர்ந்தவை. இட்ரெக்ஸ் 32எக்ஸ், ஜிபிஎஸ்மேப் 65எஸ் போன்றவை. கேமரன் மலைக்கு நான் பரிந்துரைப்பது இந்த வகை. 65எஸ் செயற்கைக்கோள்களின் இரண்டு அலைவரிசைகளையும் வாங்கும் என்பதால் அடர்ந்த காட்டிலும் பள்ளத்தாக்கிலும் துல்லியம் கூடும்.

செயற்கைக்கோள் செய்தி வகை. கார்மின் இன்ரீச் வரிசையும், ஜிபிஎஸ்மேப் 66ஐ, 67ஐ ஆகியவையும் இதில் அடங்கும். இரிடியம் செயற்கைக்கோள்கள் வழியாகக் குறுஞ்செய்தி அனுப்பலாம், வானிலை முன்னறிவிப்பு பெறலாம், எஸ்ஓஎஸ் அழுத்தலாம். மாதச் சந்தா கட்ட வேண்டும். சிக்னல் இல்லாத காட்டில் இரவு தங்குபவர்களுக்கு இது உகந்தது.

ஓர் எச்சரிக்கை. இந்த மூன்றாம் வகைக் கருவியை இந்தியப் பயணத்துக்கு எடுத்துப் போகாதீர்கள். அனுமதி இல்லாமல் செயற்கைக்கோள் தொடர்புக் கருவி வைத்திருப்பது அங்கே குற்றம். விமான நிலையத்திலேயே தடுத்து வைக்கக்கூடும். முதல் இரண்டு வகைகளும் செயற்கைக்கோள் சமிக்ஞையை வாங்க மட்டுமே செய்யும், செயற்கைக்கோளுக்கு எதையும் அனுப்பாது. ஆனாலும் கிளம்பும் முன் விதியை விசாரித்துக்கொள்ளுங்கள்.

நீர்காப்பைப் பொறுத்தவரை பெட்டியில் ஐபிஎக்ஸ்7 என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பது அதன் பொருள். கேமரன் மழைக்கு அது போதும்.

## படி 2: வீட்டிலேயே அமைத்துவிடுங்கள்

பெட்டியை மலையடிவாரத்தில் பிரிக்காதீர்கள். வீட்டு வாசலில் செய்ய வேண்டிய வேலைகள் இவை.

1. திறந்த வானத்தின் கீழ் கருவியை அசைக்காமல் வையுங்கள். புதுக் கருவி செயற்கைக்கோள்களின் முழுப் பட்டியலை இறக்க 12 நிமிடத்துக்கு மேல் ஆகலாம். ஓர் இடத்தை உயரத்தோடு கணிக்கக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் வேண்டும்.
2. அமெரிக்காவின் ஜிபிஎஸ் தவிர குளோநாஸ், கலிலியோ ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளும் வசதி இருந்தால் முடுக்கிவிடுங்கள். பேட்டரி சற்றுக் கூடுதலாகச் செலவாகும். காட்டுக்குள் அதற்கு ஈடான பலன் உண்டு.
3. பேட்டரி வகையைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். மின்னேற்றும் பேட்டரியைப் போட்டுவிட்டு 'அல்கலைன்' என்று விட்டுவைத்தால், மீதி மின்சாரத்தைத் திரை தவறாகக் காட்டும்.
4. வரைபட ஆதாரத்தை டபிள்யூஜிஎஸ்84 என்று வையுங்கள். மலேசியாவின் பழைய நில வரைபடங்கள் கெர்த்தாவ் 1948 என்ற ஆதாரத்தில் வரையப்பட்டவை. அந்தக் கெர்த்தாவ் அளவைப் புள்ளி இருப்பதும் இதே பகாங்கில்தான். பழைய வரைபடத்து எண்ணை மாற்றாமல் அப்படியே கருவியில் இட்டால், நூற்றைம்பது மீட்டருக்கு மேல் தள்ளிப்போய் நிற்பீர்கள். சரிவான மலையில் அது பாதைக்கும் பள்ளத்துக்கும் இடையிலான தூரம்.
5. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவில் உருவான மலேசிய வரைபடத்தை இலவசமாக இறக்கிச் சேருங்கள். கருவியோடு வரும் உலக வரைபடத்தில் காட்டுப் பாதைகள் அனேகமாக இருக்காது.

உண்மை வடக்கா, காந்த வடக்கா என்ற கேள்வியில் நேரம் செலவிட வேண்டாம். தீபகற்ப மலேசியாவில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரு டிகிரிகூட வராது.

## படி 3: புள்ளி, தடம், வழி — மூன்றையும் பிரித்தறியுங்கள்

புள்ளி என்பது நீங்கள் பெயர் சூட்டிச் சேமிக்கும் ஓர் இடம். தடம் என்பது நீங்கள் நடக்க நடக்கக் கருவி தானே பதிவு செய்யும் கோடு. வழி என்பது போகும் முன் நீங்கள் புள்ளிகளைக் கோத்து வைக்கும் திட்டம். புதியவர்களின் குழப்பத்தில் பாதி, இவை ஒன்றோடொன்று கலந்துவிடுவதால் வருவது.

கேமரன் மலையில் தவறாமல் சேமிக்க வேண்டிய புள்ளிகள்: கார் நிறுத்திய இடம், காட்டுக்குள் நுழையும் வாய், ஒவ்வொரு பாதைப் பிரிவு, கடைசியாகக் கைபேசி சிக்னல் கிடைத்த இடம். இந்த நான்காவதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஆபத்தில் எந்தப் பக்கம் நகர்வது என்று முடிவு செய்ய உதவுவது அதுதான்.

சேமித்த புள்ளியைத் தேர்ந்தெடுத்து 'போ' என்று அழுத்தினால் அம்புக்குறி நேர்கோட்டில் காட்டும். '400 மீட்டர்' என்று திரை சொல்லும். நடுவே ஒரு பள்ளத்தாக்கு இருப்பதைச் சொல்லாது. தேயிலைத் தோட்டத்தில் லாரிப் பாதைகள் சரிவைச் சுற்றிச் சுற்றிப் போகும். அம்பை நம்பி நிரைகளுக்கு நடுவே குறுக்கே இறங்கினால், வழுக்கும் களிமண்ணும் திடீர் வடிகாலும்தான் காத்திருக்கும். திரும்பி வரும்போது அம்பைவிடத் தடத்தையே பின்பற்றுங்கள். அதற்குக் கருவியில் 'டிராக்பேக்' என்ற வசதி உண்டு.

## படி 4: திறந்த சரிவில் பழகி, பிறகு காட்டுக்குள் போங்கள்

பழக ஏற்ற இடம் தேயிலைச் சரிவுதான். ஜே. ஏ. ரஸல் 1929-இல் தொடங்கிய போ தேயிலை நிறுவனத்தின் சுங்கை பாலாஸ் தோட்டத்துக்குப் பார்வையாளர்கள் போகலாம். 1933-இல் தொடங்கிய பாரத் தேயிலைத் தோட்டம் நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது. மேலே வானம் திறந்து கிடப்பதால் பிழை மூன்று முதல் ஐந்து மீட்டருக்குள் அடங்கும். அனுமதித்த பாதையில் மட்டும் நடங்கள். அது பலரின் வேலையிடம். கொழுந்து வெட்டும் இயந்திரமும் மருந்து தெளிப்பும் நடக்கும் நிரைக்குள் படம் எடுக்க நுழைவது அவர்களுக்கும் இடைஞ்சல், உங்களுக்கும் கேடு.

இங்கே ஒரு சிறு பயிற்சி. ஒரு புள்ளியைச் சேமியுங்கள். இருநூறு மீட்டர் நடங்கள். திரையைப் பார்த்துக்கொண்டே அதே இடத்துக்குத் திரும்புங்கள். கருவி 'வந்துவிட்டீர்கள்' என்று சொல்லும் இடமும் உண்மையான இடமும் எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்று பாருங்கள். அடுத்து தானா ராத்தாவிலிருந்து பாரிட் அருவிக்குப் போகும் 4-ஆம் எண் பாதையில் இதையே செய்யுங்கள். மரக்கூரையின் கீழ் பிழை கூடுவதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். இலைகளும் பாறைச் சுவர்களும் சமிக்ஞையைத் தடுக்கும், எதிரொலிக்கும். தடம் கோணல்மாணலாக விழும்.

அது பழகிய பிறகு குனோங் ஜாசாருக்கு ஏறும் 10-ஆம் எண் பாதை. 2,110 மீட்டர் உயரமுள்ள குனோங் ஈராவ் முதல் பயணத்துக்கு உரியதல்ல. முழங்கால் சேறும் வேர்ப் பின்னலும் நிறைந்த அந்தப் பாதைக்கு வனத்துறை அனுமதி வேண்டும், அவ்வப்போது மூடியும் வைப்பார்கள். எண் பாதைகளிலும் சில மூடப்பட்டிருக்கலாம். முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள்.

## படி 5: காற்றழுத்தம் சொல்வதைப் புரிந்துகொள்ளுங்கள்

இந்த வழிகாட்டியில் நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி இதுதான்.

உணரி உள்ள கருவி காற்றழுத்தத்தை அளக்கிறது. அந்த ஓர் எண்ணிலிருந்து இரண்டு செய்திகளை எடுக்கிறது. மேலே ஏறினால் அழுத்தம் குறையும் என்பதால் உயரத்தைக் கணிக்கிறது. வானிலை மோசமானால் அழுத்தம் குறையும் என்பதால் மழையை எச்சரிக்கிறது. எண் குறைந்தது நீங்கள் ஏறியதாலா, வானிலை மாறியதாலா என்று அதற்குத் தெரியாது. ஆகவே நடக்கும்போது காட்டும் அழுத்த வரைகோட்டை வானிலையாகப் படிக்காதீர்கள். ஒரே இடத்தில் தங்கும் இரவில் மட்டும் 'நிலையான உயரம்' என்ற அமைப்பில் வைத்துப் பாருங்கள்.

அப்போதும் ஒரு பொறி இருக்கிறது. சில கருவிகளில் உள்ள புயல் எச்சரிக்கை, அழுத்தம் சரிந்தால் புயல் வருகிறது என்ற மிதவெப்ப நாடுகளின் கணக்கில் அமைந்தது. நிலநடுக்கோட்டுக்கு அருகே காற்றழுத்தத்துக்குத் தினசரி ஏற்றவற்றம் உண்டு, கடலலையைப் போல. சூரிய நேரப்படி காலை 10, இரவு 10 மணிக்கு உச்சம். அதிகாலை 4, மாலை 4 மணிக்கு வற்றம். 1982 முதல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் சூரியனைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் முந்தி ஓடுவதால், நமது கடிகாரத்தில் அது முற்பகல் 11 மணியும் மாலை 5 மணியும் கடந்த நேரம். இரண்டுக்கும் இடையே 3 ஹெக்டோபாஸ்கல் அளவுக்கு அழுத்தம் இறங்கும். வானம் தெளிவாக இருக்கும் நாளிலும் இறங்கும்.

இதனால் இரண்டு விளைவுகள்.

ஒன்று, மழை எச்சரிக்கை இங்கே இரு பக்கமும் பிசகும். வெயில் நாளில் மாலை நேரத்தில் வீணாக ஒலிக்கும். உண்மையான இடிமழை வரும்போது மௌனமாக இருக்கும். கேமரன் மலையின் பிற்பகல் இடிமழை, சூடான ஈரக்காற்று சரிவேறி அங்கேயே திரண்டு கொட்டுவது. முன்கூட்டியே பெரிய அழுத்தச் சரிவு எதுவும் தெரியாது.

இரண்டு, உயரக் கணக்கும் நழுவும். 1,500 மீட்டர் உயரத்தில் ஒரு ஹெக்டோபாஸ்கல் என்பது ஏறக்குறைய பத்து மீட்டர். காலையில் சரிசெய்து மாலை வரை விட்டுவிட்டால், நின்ற இடத்திலேயே முப்பது மீட்டர் ஏறியதாகக் கருவி சொல்லும். உயரம் தெரிந்த இடங்களில் எல்லாம் மறுபடி சரிசெய்யுங்கள். வரைபடத்தில் உயரம் எழுதிய சிகரங்களும், உயரக்கோடு பாதையை வெட்டும் இடங்களும் இதற்கு உதவும். இப்படிச் சரிசெய்த உயரமானி காட்டுக்குள் பெரிய துணை: பாதை தெரியும், உயரமும் தெரியும் என்றால், செயற்கைக்கோள் தடுமாறும் இடத்திலும் எங்கே நிற்கிறீர்கள் என்று கணித்துவிடலாம்.

## படி 6: வானிலையை வேறு மூன்று வழிகளில் அறியுங்கள்

கிளம்பும் முன்: மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் மைகுவாச்சா செயலியில் முன்னறிவிப்பையும் எச்சரிக்கையையும் பாருங்கள், துறையின் ரேடார் படத்தில் மழை மேகங்கள் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று பார்க்கலாம். உங்கள் கருவி கைபேசியோடு இணைந்து வானிலை காட்டும் வகையானால், அந்தத் தகவல் இணையத்திலிருந்து வருவது என்பதை மறக்காதீர்கள். சிக்னல் போனதும் திரையில் இருப்பது பழைய செய்தி.

காட்டுக்குள்: செயற்கைக்கோள் வகைக் கருவி இருந்தால் முன்னறிவிப்பைக் கேட்டுப் பெறலாம். ஆனால் அது பரந்த பகுதிக்கான கணிப்பு. ஒரு பள்ளத்தாக்கில் கொட்டி அடுத்ததில் வெயில் அடிக்கும் மழையை அது பிடிக்காது.

எப்போதும்: நாட்காட்டியும் கடிகாரமும். ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் ஆகிய பருவமாற்ற மாதங்கள்தான் இங்கே அதிக மழைக்காலம். அந்த மாதங்களில் காலை ஏழரைக்கு நடக்கத் தொடங்கி, பகல் ஒரு மணிக்குள் சாலைக்குத் திரும்பும்படி திட்டமிடுங்கள். பாதித் தூரம் போயிருந்தாலும் போகாவிட்டாலும், திரும்பும் நேரம் வந்தால் திரும்ப வேண்டும். அந்த நேரத்துக்குக் கருவியிலேயே அலாரம் வைத்துவிடுங்கள். அழுத்த எச்சரிக்கையைவிட இந்த மண்ணில் அது நம்பகமானது.

சில நாட்கள் தொடர்ந்து மழை பெய்திருந்தால் காலை எவ்வளவு தெளிவாக இருந்தாலும் செங்குத்துச் சரிவுகளைத் தவிர்த்துவிடுங்கள். 2024 ஜனவரியில் கேமரன் மலையின் புளூ வேலியில் நேர்ந்த நிலச்சரிவில் தொழிலாளர்கள் ஐவர் இறந்தார்கள். ஊறிய மண்ணைப் பற்றி எந்தக் கைக்கருவியும் எச்சரிக்காது.

## படி 7: நடக்கும்போது

- கிளம்பும்போது பழைய தடத்தை அழித்துவிட்டுப் புதுத் தடம் தொடங்குங்கள். பழைய கோடுகள் புதியதோடு பின்னிக்கொண்டால் திரும்பும் வழி விளங்காது.
- கருவியைத் தோள்பட்டை வாரில், வானத்தைப் பார்த்தபடி மாட்டுங்கள். பைக்குள் போட்டால் தடம் சிதறும்.
- திரையைப் பார்த்துக்கொண்டே நடக்காதீர்கள். பிரிவுகளில் நின்று பாருங்கள். மற்ற நேரம் கண் காலடியில் இருக்கட்டும்.
- பனிமூட்டம் இறங்கினால் நின்று, தடம் பதிவாகிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு நகருங்கள்.
- குனோங் பிரிஞ்சாங் உச்சி, தானா ராத்தாவைவிட ஏறக்குறைய 600 மீட்டர் உயரம். மூன்று நான்கு டிகிரி குளிர் கூடும். நனைந்த உடம்புக்கு அது பெரிய வேறுபாடு. மழைச்சட்டையோடு மாற்று உடையும் வேண்டும்.
- அட்டைக்கு உயரக் காலுறை போடுங்கள். அட்டையைப் பிடுங்கக் குனிந்த இடத்தில் கருவியை விட்டுவிட்டுப் போவது நடக்கக்கூடியதே. கயிறு கட்டி வையுங்கள்.

## படி 8: வழி தவறினால்

1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு. தாய்லாந்துப் பட்டு வணிகத்தால் புகழ்பெற்ற ஜிம் தாம்ப்சன், தானா ராத்தாவில் தங்கியிருந்த மூன்லைட் பங்களாவிலிருந்து, மற்றவர்கள் ஓய்வில் இருந்த பிற்பகலில் வெளியே போனார். போலீஸ், ராணுவம், ஒராங் அஸ்லி தேடுவோர் என்று நூற்றுக்கணக்கானோர் காட்டைச் சல்லடை போட்டார்கள். இன்றுவரை ஒரு தடயமும் இல்லை. என்ன நடந்தது என்பதில் ஊகங்கள் பல. தேடியவர்களுக்கு அவர் போன திசைகூடத் தெரியாது என்பதை மட்டும் நாம் எடுத்துக்கொள்ளலாம். ஆகவே எந்தக் கருவி இருந்தாலும் போகும் பாதை, திரும்பும் நேரம் இரண்டையும் தங்குமிடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

வழி தவறிவிட்டது என்று தோன்றிய நொடியில்:

1. நில்லுங்கள். நின்ற இடத்தைப் புள்ளியாகச் சேமியுங்கள்.
2. தடத்தைத் திறந்து, கடைசியாக உறுதியாகத் தெரிந்த பிரிவுக்கு அதே கோட்டில் திரும்புங்கள். குறுக்கு வழி வேண்டாம்.
3. ஓடையைப் பின்பற்றி இறங்காதீர்கள். இந்த மலையில் ஓடைகள் அருவிகளில் போய் விழும். ரிங்லெட்டில் சுல்தான் அபு பக்கார் அணைக்குக் கீழே ஆற்றோரம் இன்னும் ஆபத்து. 2013 அக்டோபரில் அணைநீர் திறந்துவிடப்பட்டபோது பெர்தாம் பள்ளத்தாக்கில் உயிர்கள் பலியாயின.
4. திரும்ப முடியவில்லை என்றால், சேமித்த சிக்னல் புள்ளிக்குப் போய் 999-ஐ அழையுங்கள். செயற்கைக்கோள் கருவியானால் எஸ்ஓஎஸ் அழுத்திவிட்டு அங்கேயே இருங்கள்.
5. இடக்குறிப்பை எந்த முறையில் சொல்கிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தானா ராத்தா அருகே '4 டிகிரி 28.2 நிமிடம்' என்பதை '4.282 டிகிரி' என்று ஒருவர் எழுதிக்கொண்டால், தேடும் குழு 20 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே போய் நிற்கும். தசம டிகிரியில் எண்ணெண்ணாகப் படித்து, அவர்களைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

இருட்டிவிட்டால் நடக்காதீர்கள். நிலநடுக்கோட்டுப் பகுதியில் சூரியன் மறைந்த பின் சில இரவுகளில் மேல்வளிமண்டலக் குழப்பத்தால் ஜிபிஎஸ் துல்லியமும் தளரும். இரவில் அசையாமல் இருப்பவரைக் கண்டுபிடிப்பது எளிது.

## கிளம்பும் காலை: ஒரு பார்வைப் பட்டியல்

- கருவி, மாற்று பேட்டரி இரண்டு சோடி, நீர்புகாப் பை
- முழு மின்னேற்றிய கைபேசி, விமான நிலை அமைப்பில்
- அச்சிட்ட வரைபடம், சாதாரணக் காந்தத் திசைகாட்டி
- உயரமானி சரிசெய்தாயிற்று, தடம் தொடங்கியாயிற்று
- கார் நிறுத்திய புள்ளி சேமித்தாயிற்று
- திரும்பும் நேர அலாரம் வைத்தாயிற்று
- பாதை விவரம் ஒருவர் கையில் கொடுத்தாயிற்று

இதில் கடைசி இரண்டுக்கும் கருவியே தேவையில்லை. கைக்கடிகாரமும் ஒரு துண்டுக் காகிதமும் போதும். புதுக் கருவிக்குக் காசு சேர்க்கும் வரை அந்த இரண்டை மட்டுமாவது இந்த வாரமே பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.